அலாஸ்காவுக்கு அனுப்பப்பட்டவர்

ஒற்றர் படங்களின்மீது நமக்குள்ள பற்றைப் பங்கு மக்கள் அறிவர், மேலிடமும் அறியும். 1996-ஆம் ஆண்டு குருமடத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தபோது, பிரையன் டி பால்மா இயக்கிய 'மிஷன் இம்பாசிபிள்' படத்தைக் கண்டோம். அன்று தொற்றிய ஆர்வம் குருப்பட்டத்திற்குப் பின்னும் நம்மை விட்டபாடில்லை. 2006-இல் வந்த மூன்றாம் படத்தில் கதாநாயகன் ஈத்தன் ஹன்ட் குருவின் அங்கியணிந்து வத்திக்கானுக்குள் நுழைந்தபோது, அவ்வங்கி அவருக்குச் சற்றுப் பொருத்தமாகவே இருப்பதாகத் தோன்றியது. டாம் குரூஸ் இளமையில் பிரான்சிஸ்கன் குருமடமொன்றில் சிறிது காலம் பயின்றவர் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

எட்டாம் படமான 'தி ஃபைனல் ரெக்கனிங்' 2025 மே 17 அன்று இந்தியாவில் வெளிவந்தது. அதற்கு ஒன்பது நாட்களுக்கு முன்னர்தான் திருத்தந்தை பதினான்காம் லியோ தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். மே 10 அன்று கர்தினால்களிடம் பேசுகையில், தாம் அப்பெயரை ஏற்றதற்கான காரணத்தைக் கூறினார். நம் முன்னோர் சிங்கராயர் என்றழைத்த பதின்மூன்றாம் லியோ, 1891-இல் தொழிலாளர் நிலை குறித்துத் திருமடல் வரைந்தார். இன்று செயற்கை நுண்ணறிவு அதையொத்த இன்னொரு தொழிற்புரட்சியைக் கொணர்ந்துள்ளது என்பதே அவர் கருத்து. இப்படத்தின் பகைவனும் ஒரு செயற்கை நுண்ணறிவே! ஒன்பது நாடுகளின் அணு ஆயுதங்களை ஒவ்வொன்றாகத் தன்வயப்படுத்தும் அதனை வழிபடவும் ஒரு கூட்டம் கிளம்பிவிடுகிறது. அதன் ஊழியனாயிருந்து பின்னர் அதனை ஆளத் துடிப்பவனுக்குப் பெயர் கேப்ரியல். வானதூதரின் பெயரை இப்படி வீணாக்கியதை நாம் மன்னித்துவிட்டோம்.

படத்தின் முதல் ஒரு மணி நேரம் இழுவை என்று பலரும் குறைகூறினர். அது உண்மையே. முந்தைய ஏழு படங்களின் காட்சிகளைத் திரும்பத் திரும்பக் காட்டி, ஈத்தனை மீட்பர் என்றே நிலைநாட்ட இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரி பெரிதும் பாடுபடுகிறார். உறைகடலில் மூழ்கி மூச்சடங்கிய ஈத்தனுக்கு மீண்டும் உயிர்மூச்சு வரச் செய்பவளின் பெயர் கிரேஸ், அதாவது அருள். போதாக்குறைக்குச் சென்ற படத்திலிருந்து தொடரும் ஒரு சிலுவை வடிவச் சாவி. இறையியல் பயின்றவனுக்கு இவ்வளவு எளிதாக விடை தரலாகாது. இறுதியில் லூதரின் குரலில் வரும் அறிவுரையும் நீளந்தான். ஆயினும் நீண்ட மறையுரைகளைப் பற்றி நாம் வாய் திறப்பது பொருந்தாது.

கடலடியில் உருளும் நீர்மூழ்கிக் கப்பலுக்குள் ஈத்தன் தனித்து நுழையும் காட்சியில் ஏறத்தாழ உரையாடலே இல்லை. அரங்கில் இருமுவோரும் இருமலை அடக்கிக்கொண்டனர். அறுபதைத் தாண்டிய நடிகர் இரட்டை இறக்கை விமானத்தில் தொங்குவதும் வியப்புக்குரியதே. எனினும், வீடு திரும்பியபின் நம்மை உறங்கவிடாதவர் வேறொருவர்.

முதல் படத்தை நினைவிற்கொண்டோர் அறிவர்: ஈத்தன் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி, உளவுத்துறைத் தலைமையகத்தின் இரகசியங்களைத் திருடுகிறார். அவ்வறையில் பணிசெய்த டன்லோ என்பவர் செய்த பிழை எதுவுமில்லை. அவர் பருகிய காப்பியில் மருந்து கலந்தனர்; அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினார்; திரும்பி வந்தபோது மேசையில் ஒரு கத்தி குத்திநின்றது. உடனே அவரை அலாஸ்காவுக்கு மாற்றிவிடுமாறு மேலதிகாரி கட்டளையிடுகிறார். அரங்கமே சிரித்தது. நாமும் சிரித்தோம்.

இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து, பெரிங் கடலின் புனித மத்தேயு தீவில் அதே டன்லோவைக் காண்கிறோம். நடிப்பவரும் அதே ரோல்ஃப் சாக்ஸன். நரைத்துவிட்டார். பூர்வகுடிப் பெண்ணொருத்தியை மணந்து மனநிறைவோடு வாழ்கிறார். அன்று கூரையிலிருந்து விழுந்த கத்தியைப் பத்திரமாக வைத்திருந்து ஈத்தனிடமே தருகிறார். தம் வாழ்வு கெட்டதற்கு வருந்தும் ஈத்தனிடம், அந்த மாற்றத்தால்தான் தம் மனைவியைக் கண்டடைந்ததாகக் கூறுகிறார். எகிப்தில் தம் சகோதரர்முன் நின்ற யோசேப்பை எண்ணிக் கண்கலங்கினோம்.

ஆனால், இரவு படுத்தபின் ஓர் ஐயம் எழுந்தது. யோசேப்பின் சகோதரர்களாவது பஞ்சத்தில் வாடி, அச்சத்தில் நடுங்கி, யூதாவின் வாயிலாகத் தம்மையே பிணையாக ஒப்படைத்தனர். இங்கோ தீங்கிழைத்தவர் மனங்குன்றுமுன் தீங்கேற்றவரே நன்றி கூறிவிடுகிறார். ஈத்தனுக்கு இது மிகவும் வசதி. நமக்கும் வசதியாயிருந்தது, அதனால்தான் கலங்கினோமோ?

ஏனெனில் நமக்கும் ஒரு டன்லோ உண்டு. 1998-இல், நாம் முதன்முதலாகப் பங்குப்பொறுப்பேற்ற ஊரில், உபதேசியார் ஒருவர் பதினெட்டு ஆண்டுகளாகக் கோயில் பணி செய்துவந்தார். ஊர்த் திருவிழாவன்று காலைத் திருப்பலிக்கு அவர் மணியைத் தாமதமாக அடித்தார் என்று, கூடிநின்ற மக்கள் முன்னிலையில், நாளை முதல் வரவேண்டாம் என்றோம். அவர் ஒன்றும் பேசவில்லை. சாவிக்கொத்தைக் கோயில் படியில் வைத்துவிட்டு வெளியேறினார். குடும்பத்தோடு வேற்றூர் சென்றார் என்று பின்னர் கேள்வியுற்றோம். எந்த ஊர் என்று கேட்கவில்லை. ஒப்புரவு அருட்சாதனத்தில் இதனை அறிக்கையிட்டதுண்டு, அவரிடம் கூறியதில்லை.

சூன் மாத இறுதியில் அவரைத் தேடிக் கண்டுபிடித்தோம். எண்பதை நெருங்கும் வயது. மகள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தார். நம்மை அடையாளங்கண்டு எழ முயன்றார், தடுத்தோம். சொல்ல வந்ததைத் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தோம். அவர் நெடுநேரம் தெருவையே பார்த்திருந்தார். அந்த ஊரை விட்டுவந்ததால் தமக்கு விளைந்த நன்மை எதையும் அவர் கூறவில்லை.

"மணி நேரத்துக்குத்தான் அடிச்சேன் சாமி. ஒங்க கடிகாரந்தான் அஞ்சு நிமிசம் முந்தி ஓடுச்சு. மேற்றிராசனத்துல இருந்து வந்த பெரிய சாமிகூட அன்னைக்கு அதச் சொன்னாரு. ஒங்ககிட்ட சொல்ல யாருக்கும் தைரியம் வரல."

பிறகு மகளை அழைத்து, சாமிக்குக் காப்பி கொண்டுவரச் சொன்னார்.