காத்திவாக்கம் கரையும் காணாமற்போன கப்பலும்

திருவொற்றியூரைக் கடந்து எண்ணூர் செல்லும் சாலை, காத்திவாக்கத்தில் கடலை ஒட்டியே ஓடுகிறது. அலை அரிக்காதிருக்கக் கொட்டிய கருங்கற்களின் மேல் அஸருக்குப் பின் அமர்ந்தால், தெற்கே சென்னைத் துறைமுகத்துக்கும் வடக்கே எண்ணூர்த் துறைமுகத்துக்கும் முறை காத்து நங்கூரமிட்டிருக்கும் கப்பல்களைக் காணலாம். இத்துணைப் பெரிய பொருள் சுவடின்றி மறைய இயலுமா என்று எண்ணத் தோன்றும். போர்க்காலத்தில் அதுவும் நிகழ்ந்திருக்கிறது.

இதே கடலில் 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானிய எம்டன் வந்து சென்னையைச் சுட்டது. எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அந்தப் பெயர் தமிழில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்டது. ஆனால் மூன்றாண்டுக்குப் பின் இந்துமாக்கடலில் திரிந்த 'வுல்ஃப்' என்னும் கப்பலை இங்கே அறிந்தவர் சிலரே. அது வணிகக் கப்பல் வேடத்தில் பீரங்கிகளை மறைத்து வந்தது. கொழும்பு, பம்பாய் வாயில்களில் கண்ணிவெடிகளை இட்டுவிட்டு ஓசையின்றி அகன்றது.

1917 செப்டம்பர் 24 அன்று 'ஹிட்டாச்சி மாரு' என்ற ஜப்பானியக் கப்பல் கொழும்பிலிருந்து ஆப்பிரிக்கக் கரை நோக்கிப் புறப்பட்டது. உரிய நாளில் துறை சேரவில்லை. புயலா, வெடியா, பகைவரா? மாதங்கள் கடந்தும் விடையில்லை. நடந்தது இது: இரண்டாம் நாளே மாலத்தீவருகே வுல்ஃப் அதைச் சுட்டுப் பிடித்தது. மாலுமிகள் சிலர் மாண்டனர். மற்றவர்கள் கைதிகளாயினர். நவம்பரில் கப்பலை ஜெர்மானியரே மூழ்கடித்தனர். கைதிகளில் ஒரு பகுதியினரை, பிடிபட்ட 'இகோட்ஸ் மெண்டி' என்ற ஸ்பானியக் கப்பலில் ஏற்றினர். 1918 பிப்ரவரி 24-இல் அது டென்மார்க் கரையில் தரைதட்டியது. இறந்தவராகக் கருதப்பட்டோர் உயிரோடு இறங்கி வந்தனர், மர்மமும் அவிழ்ந்தது.

கடலோடிகளின் இல்லங்களுக்கு இது வெறும் கதையன்று. சென்ற கணவன் திரும்பவில்லை. மையித்தும் இல்லை, மடலும் இல்லை. அவள் மனைவியா, விதவையா? இத்தகைய 'மஃப்கூத்' பற்றி ஃபிக்ஹு நூல்கள் விரிவாகவே பேசுகின்றன. உமர் (ரலி) அவர்கள் நான்காண்டு காத்திருந்து, பின்னர் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்கச் சொன்னார்கள். மாலிக்கீ மத்ஹப் அதையே ஏற்றது. அவனுடைய சமவயதினர் மறையும் வரை காத்திருக்க வேண்டும் என்ற ஹனஃபீ நிலை, நம் பெண்மணிகள் பலரை இளமை முழுதும் வாட்டியது. இந்திய உலமாக்கள் மாலிக்கீ தீர்ப்பின் பக்கம் திரும்பியது நல்ல காரியம் என்பதே என் கருத்து. 1939-இன் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் அதையொட்டி, நான்காண்டு கணவனைப் பற்றிச் செய்தி இல்லையெனில் நீதிமன்றத்தை நாட மனைவிக்கு உரிமை தந்தது.

எனினும் ஹனஃபீ அறிஞர்களின் தயக்கத்தை எளிதாகத் தள்ளிவிட இயலாது. காணாதவனை இறந்தவனாகக் கொள்ள அவர்கள் அஞ்சினார்கள். ஹிட்டாச்சி மாருவின் பயணிகள் அந்த அச்சத்துக்குச் சான்று. சட்டமும் இதை மறக்கவில்லை. கணவனின் வாரிசுகளுக்கு அறிவிப்புத் தரவேண்டும். தீர்ப்பு வந்தபின்னும் ஆறு மாதம் அது நடைமுறைக்கு வராது. அந்த ஆறு மாதத்துக்குள் அவன் நேரில் தோன்றி இல்லறக் கடமைகளை ஏற்க முன்வந்தால், தீர்ப்பை நீதிமன்றம் ரத்து செய்யும்.