எத்தனை நிமிஷம், சார்?

நேர்காணல் முடியும்போது, "நீங்க எங்ககிட்ட ஏதாவது கேட்கணுமா?" என்போம். சம்பளம், குடியிருப்பு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள். அந்தப் பெண் கேட்டது வேறு. "எலிக் கூடத்துலேர்ந்து எனக்குத் தரப்போற ரூமுக்கு நடந்து போக எத்தனை நிமிஷம் ஆகும், சார்?"

தேர்வுக் குழுவில் இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "எல்லாம் பக்கத்துலயே ஏற்பாடு பண்ணிடலாம், நீங்க வாங்க" என்றேன். துறைத் தலைவர் நான். சொல்கிற அதிகாரம் எனக்கு இருந்தது.

அவருக்கு அப்போது 34 வயது. வெளிநாட்டில் ஆறு வருஷம் போஸ்ட்டாக் முடித்துவிட்டு, சொந்தமாக ஒரு இதய ஆய்வுக் குழு அமைக்க வந்திருந்தார். இதயத் தசை சுருங்குவதை நெறிப்படுத்தும் புரதம் ஒன்று உண்டு. அதற்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன வடிவம் தெற்காசியர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பேரிடம் இருப்பதாக 2009இல் 'நேச்சர் ஜெனிடிக்ஸ்' இதழில் வந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தினரும் பங்குகொண்ட ஆய்வு அது. அந்த வடிவத்தைச் சுமப்பவர்களில் சிலருக்கு நடுவயதுக்கு மேல் இதயம் தளர்கிறது, பலருக்கு ஒன்றுமே ஆவதில்லை. ஏன் என்று செல்லுக்குள் போய்ப் பார்க்க வேண்டும் என்றார். "நம்ம ஜனங்க கோளாறு சார், இங்க உட்கார்ந்துதான் பார்க்கணும்."

வெல்கம் டிரஸ்ட்டும் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2008இல் தொடங்கிய இந்தியா அலையன்ஸ் போன்ற திட்டங்களால், இப்படி ஐந்தாண்டுப் பணத்தோடு திரும்பி வருகிறவர்கள் உண்டு. அவரும் அப்படிப்பட்ட ஒரு நிதியோடு வந்தார். அறையை மட்டும் நாங்கள் தர வேண்டியிருந்தது.

எலிக் கூடத்தை ஒட்டி ஒரு அறை இருந்தது. உடைந்த நாற்காலிகளும் பழைய கோப்புகளும் கூரைவரை. அதைக் காலி செய்ய ஸ்டோர்ஸ்காரர்களோடு மல்லுக்கு நிற்க வேண்டும். மூன்று தடவை தள்ளிப்போட்டேன். இரண்டு கட்டிடம் தள்ளி மூன்றாம் மாடியில் ஓர் அறையைக் கொடுத்து, "ஆறு மாசத்துக்கு மட்டும்" என்றேன்.

என் வேலை ரத்த மாதிரிகளோடு. உறைபெட்டியில் வைத்தால் பத்து வருஷம் காத்திருக்கும். அவருடையது காத்திருக்காது. எடுத்த இதயத்தின் மகாதமனியில் குழாயைச் செருகிக் கரைசலைப் பின்னோக்கிச் செலுத்த வேண்டும். 1895இல் லாங்கண்டார்ஃப் காட்டிய வழி. நொதி கலந்த கரைசல் தசையைத் தளர்த்திச் செல்களைத் தனித்தனியாகப் பிரிக்கும். சுண்டெலி இதயம் என்றால், வெட்டி எடுத்த ஓரிரு நிமிஷத்துக்குள் குழாய் ஏறிவிட வேண்டும். நல்ல செல் செங்கல்போல நீளமாக, வரிவரியாகத் தெரியும். கெட்டது சுருண்டு உருண்டையாகிவிடும். உயிருள்ள எலியை வெளியே கொண்டுபோக எங்கள் கூடத்தில் அனுமதி கிடையாது. ஐஸ் பெட்டியில் இதயத்தை வைத்துக்கொண்டு அவர் ஓடினார்.

"உருண்டையாத்தான் வருது சார்" என்பார் மாதாந்திரக் கூட்டத்தில். "என்சைம் லாட்டை மாத்திப் பாருங்க" என்பேன். மாற்றினார். மூன்று லாட்.

மூன்றாவது வருஷம் ராஜினாமாக் கடிதம் வந்தது. அவரிடம் இருந்த இரண்டு மாணவர்களில் ஒருவர் வேறு வழிகாட்டியிடம் போய் முதலிலிருந்து தொடங்கினார். இன்னொரு பெண் ஆராய்ச்சியே வேண்டாமென்று போய்விட்டாள்.

அடுத்த வாரம், அவருடைய எலிகளின் கணக்கை முடிக்க எலிக் கூடத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். மேசையோரம் அவர் ஐஸ் பெட்டி கிடந்தது. அறையில் வைத்துவிடலாம் என்று எடுத்துக்கொண்டு நடந்தேன். வெளிவாசலில் காவலாளி பதிவேட்டை நீட்டினார், எழுதினேன். மரநிழல் இல்லாத பாதை. அடுத்த கட்டிடத்துக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வந்தேன். லிஃப்ட் ஐந்தாவது மாடியில் நின்றது. வருமென்று நின்றேன். வரவில்லை. படி ஏறினேன். எதற்கென்று தெரியாமலே கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது நிமிஷம் ஆகியிருந்தது. பெட்டி காலியாக இருந்தது.

அறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தேதி, நிமிஷம், நல்ல செல் நூற்றுக்கு எத்தனை என்று அவர் கையெழுத்தில் மூன்று பத்தி. 8. 11. 9, லிஃப்ட் இல்லை. 10. 12, மழை. மாதாமாதம் அவர் என் முன்னால் வைத்த அதே அட்டவணை. நான் ஒவ்வொரு தடவையும் கடைசிப் பத்தியை மட்டும் பார்த்திருக்கிறேன். நடுப் பத்தி அவர் நேர்காணலில் கேட்ட கேள்வி.

அன்று சாயங்காலம் ஸ்டோர்ஸுக்குக் கடிதம் எழுதினேன். பதினெட்டு நாளில் எலிக் கூடத்தை ஒட்டிய அறை காலியாகிவிட்டது.

அதை அவருக்கு மறைக்காமல் எழுதினேன். மன்னிப்பும் கேட்டேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "நல்லது சார். அடுத்து வர்றவங்களுக்கு ஆகும். அந்த ரூமுக்கு ஜெனரேட்டர் லைன் இருக்கான்னு மட்டும் பார்த்துடுங்க. பாதியில கரண்ட் போனா பம்ப் நின்னுடும்."

கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். இல்லை.