கொழுந்துக் காட்டில் மாதவிடாய் நிற்கும் பருவம்

ஜனவரி 6, மூணாறு

உறைபனி விழும் இம்மாதத்தில் தேயிலைக் கொழுந்து கிள்ளும் தமிழ்ப் பெண்கள் முழுக்கைச் சட்டை, தலைத்துண்டு, இடுப்பில் பிளாஸ்டிக் விரிப்பு என உடலைப் பொதிந்துகொண்டே காட்டில் இறங்குகின்றனர். மாதவிடாய் நிற்கும் பருவத்தை எட்டியவர்களுக்கு அவ்வுடைக்குள்ளேயே மார்பிலிருந்து முகம்வரை திடீரென வெக்கை ஏறி, வியர்த்து, குளிர் நடுக்கத்தில் முடிகிறது. ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மைச் சுரப்பு குறையும்போது, உடல் வெப்பத்தைச் சீராக்கும் மூளைப் பகுதி சிறு மாறுதலுக்கும் மிகையாகத் துலங்குவதே இவ்வெப்ப அலையின் காரணம்.

ஜனவரி 8

ஈஸ்ட்ரோஜனை மருந்தாகத் தரும் ஹார்மோன் சிகிச்சை இந்த அலைகளை ஏறத்தாழ முக்கால் பங்கு குறைக்கிறது. எனினும் 2002இல் அமெரிக்கப் பெண்கள் நல ஆய்வின் கூட்டு ஹார்மோன் பிரிவு, 10,000 பெண்களுக்கு ஆண்டுக்கு 8 மார்பகப் புற்றுநோய்கள் கூடுதல் என்ற கணக்கோடு இடையில் நிறுத்தப்பட்டபின், பலர் தாவர உணவின் பக்கம் திரும்பினர். அந்த ஆய்வில் பங்கேற்றோரின் சராசரி வயது 63 என்பதும், அறுபதுக்குட்பட்ட, வேறு நோயற்ற பெண்களுக்கு நன்மை மிகுதி என்று பின்னர் தெளிந்ததும் அந்த அச்சத்தின் வேகத்தில் பரவவில்லை.

சோயாவிலுள்ள ஐசோஃபிளவோன், அதாவது ஈஸ்ட்ரோஜனைப் போன்ற வடிவமுடைய தாவரச் சேர்மம், அலைகளின் எண்ணிக்கையைப் போலி மாத்திரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைப்பதாக 2012இல் வெளிவந்த தொகுப்பாய்வு கூறிற்று; வட அமெரிக்க மாதவிடாய் நிறைவுச் சங்கமோ 2023இல் சோயாவைப் பரிந்துரைக்க மறுத்தது. அச்சேர்மத்தை ஈக்வால் என்னும் வீரியமிக்க பொருளாக மாற்றும் குடல் நுண்ணுயிர்கள் எல்லோரிடமும் இல்லாதது இந்த முரணுக்கு ஒரு காரணமாகலாம். எள்ளிலுள்ள லிக்னான் என்னும் தாவரச் சேர்மமும் குடலில்தான் மாற்றம் பெறுகிறது. ஆயின் எள்ளுருண்டை ஹார்மோனுக்கு ஈடென்று சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை.

ஜனவரி 11

மலைத்தோட்டத்தில் உணவு ஆற்றும் பெரும்பணி எலும்பையும் குருதியையும் காப்பதே. ஈஸ்ட்ரோஜன் குறைந்தபின் எலும்பு விரைந்து தேய்கிறது. முதுவர் பழங்குடியினர் மலைச்சரிவில் பயிரிட்டுவந்த கேழ்வரகு 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் தருவதால், சரிவில் சறுக்கி விழும் அபாயத்தோடு உழைப்பவர்களுக்கு அது விலைகூடிய சோயா மாத்திரையினும் பொருத்தமானது. மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில் உதிரப்போக்கு மிகுந்து இரும்புச்சத்து குறையும். அப்போது சோற்றோடு குடிக்கும் கட்டன் சாயாவின், அதாவது பாலில்லாத் தேநீரின், டானின், கீரையிலும் பருப்பிலுமுள்ள இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கிறது. தேயிலையால் வாழும் லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், சாயாவை விடச் சொல்வது நடவாது. சாப்பாட்டுக்கு ஒரு மணிநேரம் முன்போ பின்போ குடிக்கலாம். மாதவிடாய் ஓராண்டு நின்றபின் மீண்டும் உதிரம் கண்டால் மட்டும் எந்த உணவையும் நம்பிக் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அந்த நாளுக்கான கூலி வெட்டப்படாதிருக்கவும் வேண்டும்.