கேள்வி கேட்கிற கடை



இன்றைக்கு ஒரு வெப்சைட்டைப் பற்றி எழுதப் போகிறேன். "டீச்சருக்கு இது எதுக்கு?" என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவளுக்கு ஆன்லைன் வியாபாரம் என்ன தெரியும் என்பது நியாயமான கேள்விதான். ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளிடம் ஒரு கேள்வி கேட்டு, வாயைத் திறக்க வைத்து, அதற்கப்புறம் பாடத்துக்கு வருவது 34 வருஷம் என் பிழைப்பு. இந்த விஷயமும் கிட்டத்தட்ட அதேதான்.

வடசேரி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு பஸ் ஸ்டாண்டு, கனகமூலம் சந்தை. நமக்கு அது கோயில் நகை செய்கிற இடம். பரதநாட்டியம் ஆடுகிற பிள்ளைகள் தலையிலும் கழுத்திலும் போடுகிறார்களே, சிவப்பும் பச்சையுமாகக் கெம்புக்கல் பதித்த நகை, அதில் நம்மூர் வேலைக்கு என்று தனிப் பெயர் உண்டு. நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. வெள்ளியில் வேலை செய்து, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டி முடிக்கிற வேலை. கண்ணும் விரலும் ஒருசேரச் சொன்னபடி கேட்க வேண்டும்.

என்னிடம் படித்த பையன் ஒருத்தன் (பெயர் போடாதீங்க டீச்சர் என்று சொல்லிவிட்டான்) அந்த வேலை செய்கிற குடும்பம். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, கண்ணில் புரை. ஒரு நாள் வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து வைத்தான். "மூணு வருஷமா வெப்சைட்டு இருக்கு டீச்சர். ஆளு வாறாவ, படத்த பாக்காவ, போயிருறாவ. ஒருத்தரும் வாங்கல்ல."

நானும் பார்த்தேன். அழகான படங்கள்தான். கல்யாண ஆல்பம் மாதிரி வரிசையாக நகை, கீழே ஒரு போன் நம்பர். அதைச் செய்து கொடுத்த கம்பெனி பணத்தை வாங்கிக்கொண்டு அதோடு சரி, போனை எடுப்பதில்லையாம். அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. அச்சில் வார்த்து, கண்ணாடிக்கல் ஒட்டி, சில நூறு ரூபாய்க்கு விற்கிற நகையும் இவன் அப்பா பல நாள் குனிந்திருந்து செய்த நகையும் போட்டோவில் ஒன்றுபோலவே இருக்கின்றன. படத்தை மட்டும் பார்க்கிறவள் விலை குறைந்ததைத்தான் எடுப்பாள். அவள் மேல் குற்றமில்லை.

பெரியவர் திண்ணையில் இருந்தபடி சொன்னதுதான் எனக்குப் பொறி தட்டியது. "பிள்ளைக்கு தல அளவு என்னன்னு கேக்காம எவம்ல நெத்திச்சுட்டி விக்கான்?"

அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமை முழுக்க அவர் கடையில் ஒரு ஓரமாக நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். வந்தவர்களிடம் அவர் என்னென்ன கேட்கிறார் என்று எழுதினேன். பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் 11 கேள்வி! பிள்ளைக்கு எத்தனை வயசு, அரங்கேற்றமா பள்ளிக்கூட ஆண்டு விழாவா, என்றைக்கு, சேலை என்ன நிறம், சொந்த முடியா சவுரியா, காது குத்தியிருக்கிறதா, மூக்கு குத்தியிருக்கிறதா... சவுரி என்றால் ஜடைநாகத்துக்குக் கொக்கி வேறு மாதிரி வைக்க வேண்டுமாம். மூக்கு குத்தாத பிள்ளைக்கு அழுத்திப் போடுகிற மூக்குத்தி. வளர்கிற பிள்ளை என்றால் ஒட்டியாணத்தில் கூடுதலாக இரண்டு கண்ணி. கேட்கக் கேட்க வந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறாள். நம் பிள்ளையைப் பற்றி ஒருத்தர் இவ்வளவு விசாரிக்கிறாரே என்ற சந்தோஷம். விற்பனை அங்கேயே பாதி முடிந்துவிடுகிறது.

"மக்கா, உன் வெப்சைட்டு இந்த 11 கேள்வியையும் கேக்கட்டும்" என்றேன்.

இதை இன்டராக்டிவ் டிசைன் என்கிறார்கள். பார்க்கிறவரைச் சும்மா பார்க்க விடாமல், தொட்டு, தேர்ந்து, பதில் சொல்ல வைப்பது. இதன் கதை பெரியதில்லை. 1991-இல் டிம் பெர்னர்ஸ் லீ உலகின் முதல் வெப்சைட்டைப் போட்டபோது அது வாசிக்கிற பக்கம், அவ்வளவுதான். 1995-இல் நெட்ஸ்கேப் கம்பெனியில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்ட் என்ற மொழியின் முதல் வடிவத்தை எழுதினார். பக்கம் நம் கையசைவுக்குப் பதில் சொல்லத் தொடங்கியது அதிலிருந்துதான். அதே 1995 ஆகஸ்ட் 15-இல்தான் நம் நாட்டில் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தது. பிறகு 2005-இல் கூகுள் மேப் வந்தபோது, பக்கம் முழுவதும் மறுபடி திறக்காமலே படத்தை இழுத்துப் பார்க்கிற வசதி எல்லாருக்கும் பழகிவிட்டது.

நம்ம ஆள் ஒருவரின் கதை இதற்குப் பொருத்தம். சென்னை முருகவேல் ஜானகிராமன் 1997-இல் அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டே தமிழர்களுக்காக ஒரு வெப்சைட் நடத்தினார். தமிழ் காலண்டர் போன்ற சங்கதிகளோடு ஒரு ஓரத்தில் வரன் தேடுகிற பகுதியும் இருந்தது. கூட்டம் முழுவதும் அந்த ஓரத்தில்தான். அதுவே பாரத்மேட்ரிமோனி ஆகி, அந்தக் கம்பெனி 2017 செப்டம்பரில் பங்குச் சந்தை வரைக்கும் போனது. ஏன் அங்கே கூட்டம் என்பதற்கு எனக்குத் தோன்றுகிற காரணம் இது: காலண்டர் நாம் கேட்டால் தேதி சொல்லும். வரன் பகுதி நம்மைக் கேட்கும். வயசு, படிப்பு, நட்சத்திரம், உயரம், ஊர். நம் பெரியத்தை கல்யாணத் தரகரை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தபோது அவர் கேட்டதும் இதைத்தானே? என் தங்கை மகளுக்கு வரன் பார்த்தபோது ராத்திரி பதினொரு மணி வரை நாங்கள் நாலு பெண்கள் அந்த ஸ்கிரீனை விட்டு எழுந்திருக்கவில்லை. (மாப்பிள்ளை கடைசியில் பறக்கையிலேயே கிடைத்தார், அது வேறு விஷயம்.)

ரெட்பஸ்ஸும் அப்படித்தான். பணீந்திர சாமா என்ற இளைஞருக்கு 2005 தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் நண்பர்களோடு ரெட்பஸ் தொடங்கினார். அதற்கு முன்னால் இங்கே சென்னை பஸ்ஸுக்கு டிராவல்ஸ் ஆபீசில் போய் நின்றால் "கடைசி சீட்டுதாம்மா இருக்கு" என்பார்கள். நம்ப வேண்டியதுதான். இப்போது பஸ்ஸின் படமே கண் முன்னால் இருக்கிறது. எது காலி என்று நாமே பார்த்து, ஜன்னலோரமாகத் தொட்டு எடுக்கிறோம். தொட்ட பிறகு அந்த சீட் நம்முடையது என்று மனசு சொல்லிவிடுகிறது. விளம்பரம் எழுதி அதைச் செய்ய முடியாது.

சரி, வடசேரிக்கு வருவோம். பையனின் மச்சான் இன்ஜினீயரிங் படித்தவன். இரண்டு மாசம் இருந்து செய்தான். இப்போது உள்ளே போனால் முதலில் படம் வராது. "யாருக்கு நகை?" என்று கேட்கும். பதிலுக்குத் தகுந்தாற்போல் அடுத்த கேள்வி. ஒரு பிள்ளையின் தலைப் படம் வரும். நெத்திச்சுட்டி, சூரியன், சந்திரன், ராக்கொடி என்று ஒவ்வொன்றாகத் தொட்டால் அதது அந்தந்த இடத்தில் போய் உட்காரும். சூரியன் வலப்பக்கம், சந்திரன் இடப்பக்கம். மாற்றி வைத்தால் உட்காராது! ஒன்றைச் சேர்த்தால் விலை ஏறுவதும் எடுத்தால் இறங்குவதும் கண் முன்னாலே தெரியும். தலையை நூலால் எப்படி அளப்பது என்று பெரியவரே பேத்தியை உட்கார வைத்துக் காட்டுகிற சின்ன வீடியோ இருக்கிறது. தமிழ் வாசகம் முழுவதும் நான் எழுதிக் கொடுத்தது. கூலி ஒரு டசன் மட்டிப்பழம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக நின்றேன். "இந்த நகையை இப்போது 14 பேர் பார்க்கிறார்கள், இன்னும் ஒன்றுதான் பாக்கி" என்று ஓடவிடலாம் என்றான் மச்சான். எந்த 14 பேர் என்றேன். சும்மா போடுவதுதானாம். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இப்படி ஏமாற்றுகிற 13 வழிகளைப் பட்டியல் போட்டுத் தடுத்திருக்கிறது. பொய்யாக அவசரப்படுத்துவது அதில் ஒன்று. நாம் கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது இன்னொன்று. சட்டம் இருக்கட்டும், பெரியவர் கடையில் உட்கார்ந்து அப்படிப் பேசுவாரா? போன் நம்பரையும் முதல் கேள்வியாக வைக்கக் கூடாது என்றேன். வாசலில் கால் வைத்ததுமே விலாசம் கேட்கிற வீட்டுக்குள் யார் வருவார்கள்?

போட்டு எட்டு மாசம் ஆகிறது. கோடி வரவில்லை. ஆனால் வருகிறவர்கள் பாதியில் போவது குறைந்திருக்கிறது. கனடா, சிங்கப்பூரிலிருந்து அரங்கேற்றத்துக்கு முழு செட் கேட்டு வருகிறார்கள். வேலையை விட்டுப் போயிருந்த இரண்டு பேர் திரும்பிப் பட்டறைக்கு வந்திருக்கிறார்கள். எனக்கு அதுதான் பெரிசு.

அப்பாவுக்கும் மகனுக்கும் இப்போது ஒரு சண்டை. "என்றைக்கு அரங்கேற்றம்?" என்ற கேள்விக்கு 40 நாளுக்கு உள்ளே தேதி போட்டால், "இதற்குள் எங்களால் செய்து தர முடியாது" என்று வெப்சைட் சொல்லிவிடும். பெரியவர் வைக்கச் சொன்னது. வருகிற ஆளைத் திருப்பி அனுப்புகிறதே, எடுத்துவிடலாம் என்கிறான் மகன். வெளியே ஆள் வைத்து, அச்சில் வார்த்துக் கொடுத்துவிடலாம் என்பது அவன் கணக்கு. "வார்த்துக் குடுக்கதுக்கு எதுக்குல என் பேரு?" என்கிறார் அவர். போன ஞாயிற்றுக்கிழமை இருவரும் தனித்தனியே என்னிடம் வந்து பஞ்சாயத்து சொன்னார்கள்.

இன்று காலை வரை அந்த வரி அங்கேயே இருக்கிறது. நான் போய்ப் பார்த்தேன்.