150 நாள் கெடு

பேரவை மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று செயலாளர் அண்ணன் கேட்டபோது, "எனக்குத் தறியும் தெரியும், கம்ப்யூட்டர் கேமும் தெரியும். வேற என்ன தெரியும்?" என்றேன். "அதையே எழுதுடா" என்றார். எழுதிவிட்டேன். படித்துவிட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கலாம்!

எங்கள் ஊர் வாலாஜாபாத். அப்பா பட்டு நெசவாளி. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். மாமா பையன் ஒரு பழைய கம்ப்யூட்டரை என்னிடம் தள்ளிவிட்டான். புதிய கேம் எதுவும் அதில் ஓடாது. ஓடியது 'ஃபால்அவுட்'. 1997-ல் வந்தது. டிம் கெய்ன் என்பவர் தலைமையில் உருவானது.

கதை இதுதான். அணுகுண்டுப் போருக்குப் பிறகு, 'வால்ட் 13' என்ற பாதாள அறையில் மக்கள் வாழ்கிறார்கள். தண்ணீரைச் சுத்தப்படுத்தும் கருவியின் சிப் கெட்டுப் போகிறது. வேறு சிப் தேடிக் கொண்டுவர நம்மை வெளியே அனுப்புகிறார்கள். கெடு 150 நாள். மேப்பில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு நடந்தால் நாள் கழியும். படுத்துத் தூங்கினாலும் கழியும். கையில் கட்டியிருக்கும் பிப்-பாய் என்ற கருவி, மீதி எத்தனை நாள் என்று காட்டிக்கொண்டே இருக்கும்.

முதல் ஆட்டத்தில் நான் என்ன செய்தேன்? வழியில் கேட்டவர்களுக்கெல்லாம் உதவி செய்தேன். சின்னக் காயம் பட்டாலும் படுத்து ஓய்வெடுத்தேன். "இன்னும் நாள் இருக்கே" என்று நினைத்தேன். கெடு முடிந்தது. தண்ணீர் இல்லாமல் வால்ட் மக்கள் செத்துப்போனார்கள். ஆட்டம் முடிந்தது.

அந்தக் காலத்து ரோல்-ப்ளேயிங் கேம்களில் இது புதிதல்ல. 1996-ல் வந்த 'டாகர்ஃபால்' விளையாட்டில் ஒருவர் வேலை கொடுத்தால் இத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று சொல்லித்தான் கொடுப்பார். தவறினால் நம் பேர் கெடும். பிறகு வந்த பல விளையாட்டுகளில் "உடனே வா, ஆபத்து!" என்று கூப்பிட்டவன் நாம் ஒரு வருஷம் கழித்துப் போனாலும் அதே இடத்தில் நின்றுகொண்டிருப்பான்.

ஃபால்அவுட்டில் ஒரு தந்திரம் உண்டு. 'ஹப்' என்ற ஊரில் தண்ணீர் வியாபாரிகளிடம் 2000 மூடி (அங்கே பாட்டில் மூடிதான் காசு!) கொடுத்தால் வால்ட்டுக்குத் தண்ணீர் அனுப்புவார்கள். கெடு 100 நாள் நீளும். இரண்டாம் ஆட்டத்தில் அதைச் செய்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். பிறகுதான் மாமா பையன் சொன்னான்: "டேய், முதல்ல வந்த பதிப்புல இன்னொரு கெடுவும் இருந்துச்சு. அது பிப்-பாய்ல தெரியாது." எதிரிப் படை 500 நாளில் வால்ட்டைக் கண்டுபிடித்துவிடும். தண்ணீர் வண்டி போன தடத்தால் அது 400 நாளாகக் குறைந்துவிடும். பிறகு அதைத் திருத்தி 13 வருஷமாக்கினார்களாம். ஆக, கண்ணுக்குத் தெரியும் கெடுவை நீட்டினால் கண்ணுக்குத் தெரியாத கெடு சுருங்கும்.

இதைக் கேட்டதும் எனக்கு முதலாளியிடம் வாங்கும் முன்பணம்தான் ஞாபகம் வந்தது. எங்கள் தறியில் ஒரு பாவில் மூன்று புடவை. எந்த நாளில் அறுத்துக் கொடுக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். மழை பெய்தால் பாவு ஈரம் பிடித்து ஒட்டிக்கொள்ளும், வேலை ஓடாது. கெடு மட்டும் ஓடும். முன்பணம் வாங்கினால் இந்த மாசம் தப்பிக்கலாம். ஆனால் அடுத்த பாவுக்கும் அதே இடத்தில் கட்டுப்பட வேண்டும்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இன்னொரு கெடுவும் தெரியும். வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்துக்குள் இருக்கும் அத்திவரதர் 40 வருஷத்துக்கு ஒரு முறை வெளியே வருவார். 48 நாள் தரிசனம். 1979-ல் வந்தபோது எங்கள் ஆயா போகவில்லை. தறியில் அவசரப் பாவு. "அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று தாத்தா சொன்னாராம்.

அந்த அடுத்த தடவை 2019 ஜூலை 1-ல் வந்தது. அப்போதும் தறியில் அவசரப் பாவு! ஆவணி முகூர்த்தத்துக்குப் போக வேண்டிய புடவை. லீவு நாளில் கோர்வைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ளுவது நான். "கூட்டம் கொறையட்டும்" என்று நாள் தள்ளிக்கொண்டே போனோம். கூட்டம் குறைந்தால்தானே? ஆகஸ்டும் பிறந்துவிட்டது. ஆயா ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலண்டரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் விடியற்காலை அப்பா தறிக் குழியில் இறங்கவில்லை. "அம்மா, கிளம்பு. மொதலாளிக்கு நான் பதில் சொல்லிக்கறேன்" என்றார். பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாத ஊர். வரிசையில் நின்றது ராத்திரி வரைக்கும். நின்ற கோலத்தில் பெருமாளைப் பார்த்துவிட்டு வெளியே வந்த ஆயா, "போதும்டா" என்றது. அவ்வளவுதான். புடவை மூன்று நாள் தாமதம். கூலியில் பிடித்துக்கொண்டார்கள். அப்பா அதைப் பற்றி இன்றுவரை பேசியதில்லை. 2021-ல் ஆயா போய்ச் சேர்ந்தது. அடுத்த அத்திவரதர் 2059-ல்.

எந்தக் கெடுவைத் தவறவிடலாம், எதைத் தவறவிடக்கூடாது என்று எழுதப் படிக்கச் சிரமப்படும் என் அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

நண்பர்களே, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். எனக்கு இரண்டு அரியர். "அடுத்த செமஸ்டர்ல பார்த்துக்கலாம்" என்று திரிந்தேன். பரீட்சைத் தேதி நோட்டீஸ் போர்டில் இருக்கிறது, எல்லோருக்கும் தெரியும். போன மாசம் அப்பா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இந்தச் சரிகை இழை அறுந்திருக்கா பாரு, ராத்திரில எனக்குத் தெரிய மாட்டேங்குது" என்றார். இழை அறுந்துதான் இருந்தது. எடுத்து முடிந்து கொடுத்தேன். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் ஒரு செமஸ்டர் தள்ளினால் அவர் ஒரு பாவு கூட நெய்ய வேண்டும். அவர் கண்ணுக்கு எத்தனை பாவு மீதி என்று எந்த பிப்-பாயும் காட்டாது.

கம்ப்யூட்டரை மாமா பையனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். சிப்பைக் கண்டுபிடிக்காமலே கொடுத்ததில் வருத்தம்தான். இரண்டு அரியரும் முடிந்ததும் வாங்கிக்கொள்வேன். அது காத்திருக்கும்.

— இரண்டாமாண்டு, கணிப்பொறியியல் துறை