பொதிகைக்குக் கடைசி பேட்ச்!

பொதிகை என்றால் நம்மில் பாதிப் பேருக்கு ஒரு ரயில். மீதிப் பேருக்கு ஒரு டி.வி. சேனல். (அந்தச் சேனலுக்கும் 2024-ல் 'டிடி தமிழ்' என்று பெயர் மாற்றிவிட்டார்கள்!) அது ஒரு மலை, அதில் ஏறலாம் என்பது திருநெல்வேலிக்காரர்களுக்கே சட்டென்று ஞாபகம் வராது.

ஏறுவதும் லேசுப்பட்ட காரியமில்லை. மேப்பில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் ஜங்ஷனிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர்தான். ஆனால் பாபநாசம், காரையார் வழியாக உச்சிக்குப் போக இப்போது அனுமதி இல்லை. 1988-ல் இருந்து அது களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகம். ஆகவே நாகர்கோவில், திருவனந்தபுரம், விதுரா, போணக்காடு என்று ஒரு பிரதட்சணம் வந்து, கேரள வனத்துறையிடம் சீட்டு வாங்கி ஏற வேண்டும். நம்ம வீட்டுக்குள்ளேயே கொல்லைப்புறமாக நுழைகிற கதை!

சீசன் ஜனவரி நடுவில் ஆரம்பித்து பிப்ரவரி கடைசியோடு முடிந்துவிடும். ஆன்லைனில் டிக்கெட் திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும். எங்களுக்குக் கிடைத்தது சீசனின் கடைசி வாரம். எங்களுக்கு என்றால், எனக்கும் எங்கள் ஆபீஸ் அண்ணாச்சிக்கும். அண்ணாச்சிக்கு மே மாதம் ரிட்டயர்மென்ட். முழங்காலில் வலி. டாக்டர் சர்ட்டிபிகேட் கொடுத்துவிட்டு, "இந்த வருஷத்தோட நிறுத்திக்கிடுங்க" என்றும் சொல்லியிருந்தார்.

"ஒரே ஒரு தடவ மேல நின்னு நம்ம ஊரப் பாத்துரணும்லே. பெறவு காலு போனாலும் சரி" என்றார் அண்ணாச்சி.

மூன்று நாள் பயணம். முதல் நாள் போணக்காடு தேயிலைத் தோட்டத்திலிருந்து அதிருமலை முகாம் வரை நடை. இரண்டாம் நாள் 1,868 மீட்டர் உச்சிக்குப் போய்த் திரும்புவது. மூன்றாம் நாள் இறங்குவது. ஆபீஸ் லிப்ட் ரிப்பேரானால் அரை நாள் லீவு போடுகிற ஆசாமி நான். முதல் புல்வெளி ஏற்றத்திலேயே நாக்கு தள்ளிவிட்டது. வழிகாட்டியாக வந்த காணி இனத்துக்காரர் மட்டும் சட்டை கசங்காமல் முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

கடைசி வாரத்தில் போனதில் ஒரு லாபம் உண்டு. மழை நின்று பல வாரமாகியிருந்தது. புல்வெளியெல்லாம் காய்ந்து பழுப்பாகக் கிடந்தது. ஆனால் சோலைக்காட்டுக்குள் கால் வைத்தால் தரை சொதசொதவென்று இருக்கிறது! மரத்தில் பாசி, பாசியில் ஈரம், மக்கிய இலைக்கு அடியில் ஈரம். ஓடையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. மழையே இல்லை, தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

நம்ம பி.எஃப். கணக்கு மாதிரிதான். தென்மேற்குப் பருவமழையிலும் வடகிழக்கு மழையிலும் வருகிற வருமானத்தைக் காடு அப்படியே செலவழித்துவிடுவதில்லை. வேரிலும் சருகிலும் மண்ணிலும் பிடித்து வைத்துக்கொள்கிறது. அப்புறம் மாசம் மாசம் கொஞ்சமாக விடுகிறது. மேகம் உரசிக்கொண்டு போனாலும் இலைகள் அதிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கறந்துவிடும். தாமிரபரணி கோடையிலும் முழுக்க வற்றாமல் புன்னைக்காயல் வரை சுமார் 125 கிலோமீட்டர் போவது இந்தச் சேமிப்பால்தான். நம்ம ஊர் அல்வாவுக்கு ருசி தருவது இந்தத் தண்ணீர்தான் என்று பெருமை பேசுகிறோமே, அதற்கான மூலதனமும் இங்கேதான் கிடக்கிறது.

பாபநாசம் பக்கம் ஏன் வழி விடுவதில்லை என்று வருகிற வழியெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தேன். அந்தக் காட்டுக்குள் நின்றபோது புலம்பல் நின்றுவிட்டது. வழி விட்டால் முதலில் நான் வருவேன். பின்னாலேயே பஜ்ஜிக் கடை வரும்!

ஜான் ஆலன் பிரௌன் என்று ஒரு வெள்ளைக்காரர். திருவிதாங்கூர் மகாராஜாவின் வானாய்வகத்துக்குத் தலைவர். 1850-களில் கருவிகளையெல்லாம் சுமக்கவைத்து, இந்த உச்சியில் ஓர் ஆய்வகமே நடத்தினார். அவருடைய ஆட்கள் எப்படித்தான் தூக்கி வந்தார்களோ! எனக்குத் தண்ணீர் பாட்டிலே பாரமாக இருந்தது.

உச்சிக்குச் சற்றுக் கீழே மொட்டைப் பாறை. பிடித்து ஏறக் கயிறு கட்டியிருக்கிறார்கள். அங்கே போனதும் காற்று மாறியது. மேகம் இறங்கி, தூறல் விழுந்தது. வழிகாட்டி பாறையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"வழுக்கும் சாரே. முடியும்கிறவங்க சட்டுனு போய் வாங்க. முட்டி வலிக்காரங்க வேண்டாம்."

யாரும் பேசவில்லை. அண்ணாச்சி கயிற்றைக் கையில் பிடித்தார். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஏறிருவேன்லே. இறங்க முடியாது" என்று கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு ஒரு பாறை இடுக்கில் உட்கார்ந்துகொண்டார். நானும் பக்கத்தில் உட்காரப் போனேன். "நீ போவே. எனக்கும் சேத்துப் பாத்துட்டு வா!"

போனேன். அகத்தியர் சிலை இருந்தது. காற்று காதைப் பிய்த்தது. கிழக்கே திரும்பி நின்றேன். பாபநாசம், அம்பாசமுத்திரம், திருநெல்வேலி எல்லாம் அந்தத் திசையில்தான். ஆனால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஒரே வெள்ளை மேகம். பத்து நிமிடம் காத்திருந்தேன். விலகவே இல்லை. "போதும், இறங்குங்க" என்றார் வழிகாட்டி.

கயிற்றைப் பிடித்து இறங்கும்போது பொய் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். ஆறு தெரிந்தது, அணை தெரிந்தது என்றால் மனுஷன் சந்தோஷப்படுவாரே! முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

"ஊரு தெரிஞ்சுதாலே?"

"ஒண்ணும் தெரியல அண்ணாச்சி. வெறும் மேகம்."

அண்ணாச்சி துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே எழுந்தார்.

"பெறவென்ன? ஊரத்தான பாத்துட்டு வந்திருக்க. அது கீழ இறங்கி நம்ம வீட்டுக் குழாய்க்கு வர கொஞ்ச நாளாவும், அவ்வளவுதான்!"