வேடந்தாங்கல் வழியாக அருந்ததிக்கு

கல்யாணமான வாசகிகளை ஒரு கேள்வி கேட்கிறேன். மனசாட்சியைத் தொட்டுப் பதில் சொல்லுங்கள். அம்மி மிதித்து முடிந்ததும் உங்களைப் பந்தலுக்கு வெளியே அழைத்துப் போய் ஆகாயத்தைக் காட்டி, "அருந்ததி தெரிகிறாளா?" என்று கேட்டார்களே, தெரிந்தாளா?

பகல் பத்தரை மணிக்கு, சுள்ளென்று அடிக்கும் வெயிலில், எந்த நட்சத்திரம் தெரியும்? இருந்தாலும் தலையை ஆட்டியிருப்பீர்கள். ஆட்டாவிட்டால் பந்தி தாமதமாகும்!

1976-ல் என் தாயாரும் அப்படித்தான் ஆட்டினாராம். இந்த விஷயம் சென்ற மார்கழியில்தான் வெளிவந்தது. கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்து, கட்டுப் பிரித்து, மொட்டை மாடியில் வடகத் துணியை மடித்துக்கொண்டிருந்தவர், வானத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்க அப்பாகிட்டே நான் சொன்ன ஒரே பொய் அதுதாண்டா. அப்புறமா ராத்திரியிலே காட்டறேன்னார். அவருக்கும் ஒழியலை, எனக்கும் ஒழியலை. அப்புறம் அவரே இல்லை."

என் பத்து வயது மகள் உடனே, "நம்ம டெலஸ்கோப்பிலே காட்டலாம் பாட்டி!" என்றாள். என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஒரு பூர்வ கதை உண்டு.

அதற்கு முந்தைய ஆண்டு மகளின் பிறந்த நாளுக்கு ஒரு தொலைநோக்கி வாங்கி வந்தேன். பெட்டியின்மேல் சனிக் கிரகம் வளையத்தோடு ஜொலித்தது. "500 மடங்கு பெரிதாகத் தெரியும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வீட்டுக்கு வந்து மாட்டிப் பார்த்தால், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி பரத நாட்டியம் ஆடியது! நிலா ஒரு விநாடி வந்தது. மறு விநாடி எங்கோ ஓடிவிட்டது. குழந்தை ஒரு வாரம் போராடிவிட்டு, "எனக்குப் பார்க்கத் தெரியலை அப்பா" என்றாள். அதுதான் என்னை உறுத்தியது. குற்றம் குழந்தையுடையது அல்ல, கருவியுடையது. கருவியில்கூடக் கண்ணாடியுடையது அல்ல; காலுடையது!

ஆகவே, இந்த முறை விசாரித்து வாங்கினோம். நாங்கள் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி ஏறிவிடும்.

முதலாவது, எத்தனை மடங்கு என்று கேட்காதீர்கள். முன்புற வில்லையின் அகலம் எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். தொலைநோக்கியின் முக்கிய வேலை வெளிச்சத்தைச் சேகரிப்பது. இருட்டில் நம் கண்மணி அதிகமாய் விரிந்தால் ஏழு மில்லிமீட்டர். எழுபது மில்லிமீட்டர் வில்லை அதைப்போல் நூறு பங்கு வெளிச்சத்தை அள்ளித் தரும். எத்தனை மடங்கு பெரிதாக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு: மில்லிமீட்டர் கணக்கைப்போல் இரு மடங்கு. எழுபதுக்கு நூற்று நாற்பது. அதற்குமேல் போனால் பெரிதாகத் தெரிவது கலங்கல்தான். மோரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போவது மாதிரி.

இரண்டாவது, பயணத்துக்கு என்றால் குழல் குட்டையாக இருக்கட்டும். நாங்கள் எடுத்தது 70 மில்லிமீட்டர் அகலமும் 400 மில்லிமீட்டர் குவிய தூரமும் கொண்டது. கண் வைக்கும் வில்லை 20 மில்லிமீட்டர் என்றால், 400-ஐ 20-ஆல் வகுத்து 20 மடங்கு. 10 மில்லிமீட்டர் என்றால் 40 மடங்கு. கணக்கு அவ்வளவுதான். வானத்துக்கென்றே செய்த கருவிகளில் பிம்பம் தலைகீழாகவோ இடம் வலம் மாறியோ தெரியும். நட்சத்திரத்துக்குத் தலை ஏது, கால் ஏது? ஆனால் நாரைக்கு உண்டு அல்லவா? பறவையும் பார்க்க வேண்டுமானால், பிம்பத்தை நேராக்கும் 45 பாகைப் பட்டகம் ஒன்று சேர்த்து வாங்குங்கள். முதியவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்க்க அது சௌகரியம்.

மூன்றாவதுதான் முக்கியம்: ஸ்டாண்டு. இருபது மடங்கு பெரிதாக்கும் கருவி நடுக்கத்தையும் இருபது மடங்காக்கும். இதை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அறிந்தவர்கள் சென்னையில் இருந்தார்கள். 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கட்டிய வானாராய்ச்சிக்கூடத்தில், ஒரு சிறு தொலைநோக்கியைத் தாங்குவதற்காகப் பதினைந்து அடி உயரம், பத்து டன் எடையுள்ள கருங்கல் தூணை நிறுத்தினார்கள். அதில் தமிழிலும் கல்வெட்டு உண்டு. அந்த வானாராய்ச்சிக்கூடம் போய்விட்டது. வானிலை அலுவலக வளாகத்தில் தூண் மட்டும் இன்றும் நிற்கிறது.

பத்து டன்னை நாம் காரில் ஏற்ற முடியாது. ஆனால் கடையிலேயே ஒரு பரீட்சை செய்யலாம். கருவியை மாட்டி, எதிர்க்கட்டடத்துப் பலகை ஒன்றைப் பார்த்தபடி, குழலை விரலால் ஒரு தட்டுத் தட்டுங்கள். ஆட்டம் இரண்டு மூன்று விநாடிக்குள் அடங்கினால் வாங்கலாம். அடங்காவிட்டால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஐந்தாறு மடிப்புள்ள மெல்லிய கால்களைவிட மூன்று மடிப்புள்ள தடித்த கால்கள் மேல். நடுத் தண்டை உயர்த்தவே கூடாது. என் மனைவி பட்டுப் புடவை எடுப்பதுபோல் ஒவ்வொரு ஸ்டாண்டையும் தட்டித் தட்டிப் பார்த்தாள். கடைக்காரருக்கு வியர்த்துவிட்டது. கடைசியில் குழல், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து நாலு கிலோவுக்குள் அடங்கிற்று.

2026 ஜனவரியில், குடியரசு தின விடுமுறையை ஒட்டி வந்த சனிக்கிழமை, புளியோதரையுடன் புறப்பட்டோம். ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டைக் கடந்து, படாளத்தில் திரும்பினால் வேடந்தாங்கல். சென்னையிலிருந்து சுமார் எண்பது கிலோமீட்டர்.

பெயரோ வேடர்கள் தங்கிய இடம். வேலையோ பறவைகளைக் காப்பது! சுமார் முப்பது ஹெக்டேர் பரப்புள்ள சாதாரணப் பாசன ஏரிதான். நடுவே தண்ணீரில் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களில் பறவைகள் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் தண்ணீரில் கலந்து உரமாகிறது. அந்தத் தண்ணீர் பாய்ந்த வயல் செழிக்கிறது. இந்த உண்மையை எந்தக் கல்லூரிக்கும் போகாமல் ஊரார் கண்டுகொண்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், பறவைகளைச் சுட வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களைப் பற்றிக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, இங்கே வேட்டையாடக் கூடாது என்று உத்தரவும் வாங்கினார்கள். 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலில் இந்த ஏரி சேர்ந்தது. ஊராரின் பட்டியலில் அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே சேர்ந்துவிட்டது.

ஏரிக்கரையில் ஸ்டாண்டை விரித்தோம். வெறுங்கண்ணுக்கு மரங்களின்மேல் வெள்ளைத் துணி காயப் போட்டதுபோல் இருந்தது. இருபது மடங்கில், இருநூறு மீட்டர் தூரம் பத்து மீட்டராகச் சுருங்கியது. அம்மா முதலில் கண்ணை வைத்தார்.

"அடடா, இது இறக்கையை விரிச்சுக்கிட்டு நிக்கறதே, எதுக்கு?"

மஞ்சள் மூக்கு நாரை ஒன்று, வெயில் படாமல் குஞ்சுகளுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தது. அம்மா வெகு நேரம் பார்த்தார். பிறகு, "முதுகு வலிக்காதோ?" என்றார். ஒரு தாயாருக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றும்.

கரண்டிவாயன், நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரா என்று மகள் பெயர்களை எழுதிக்கொண்டே வந்தாள். ஸ்டாண்டு ஆடவில்லை. "எனக்குப் பார்க்கத் தெரியுது அப்பா!" என்றாள். கொடுத்த பணம் அங்கேயே வசூலாகிவிட்டது. ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: பறக்கும் பறவையைத் தொடர்ந்து போய்க் கருவியைச் சூரியன் பக்கம் திருப்பிவிடக் கூடாது. ஒரு கணம் போதும், கண் போய்விடும். குழந்தை பார்க்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்பது அவசியம்.

சாயங்காலம் கூட்டம் கூட்டமாகப் பறவைகள் அடைய வந்ததைப் பார்த்துவிட்டு, செங்கல்பட்டுக்குத் திரும்பி, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போனோம். திருக்கழுக்குன்றத்து மலையில் தினம் உச்சி வேளையில் சோறு உண்ண வந்த கழுகுகளை அம்மா சின்ன வயதில் பார்த்திருக்கிறாராம். இப்போது பல ஆண்டுகளாக அவை வருவதில்லை. "சிலதை இருக்கும்போதே பார்த்துடணும்" என்றார் அம்மா. காரில் யாரும் பேசவில்லை.

மாமல்லபுரத்துக் கடற்கரையில் ஊர் விளக்குகளை விட்டுத் தெற்கே தள்ளி உட்கார்ந்தோம். மணலில் கால்கள் புதையத் தொடங்கின. மனைவி பையிலிருந்து மூன்று எவர்சில்வர் மூடிகளை எடுத்து ஒவ்வொரு காலுக்கும் கீழே வைத்தாள். தண்ணீர்ப் பாட்டில்கள் நிறைந்த பையை நடுக் கொக்கியில், தரையைத் தொட்டும் தொடாமலும் தொங்கவிட்டாள். காற்றுக்கும் அசையவில்லை. நுங்கம்பாக்கத்துத் தூண் தோற்றது போங்கள்!

வளர்பிறை நிலாவில் பள்ளங்களின் ஓரம் நிழல் விழுந்து பளிச்சென்று தெரிந்தது. கிழக்கே குரு. அதன் இருபுறமும் நூல் பிடித்தாற்போல் சின்னச் சின்னப் புள்ளிகள், குருவின் சந்திரன்கள். 1610 ஜனவரியில் கலிலியோ இவற்றைக் கண்டபோது அவருடைய கருவியின் வலிமையும் ஏறக்குறைய இருபது மடங்குதான். தென்கிழக்கே கடலுக்கு மேல் அகத்தியர் பிரகாசித்தார். டார்ச் விளக்கில் சிவப்புப் பட்டக் காகிதத்தைச் சுற்றிக்கொண்டால் இருட்டுக்குப் பழகிய கண் கெடாது. பழகவோ இருபது நிமிஷமாவது வேண்டும்.

ஆனால் அருந்ததி? சப்தரிஷி மண்டலத்தின் வால் பக்கம் அன்று பத்து மணிக்குமேல்தான் தலை தூக்கும். அதற்குள் கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து வில்லையில் பூசிவிட்டது. வாசகிகளே, அவசரத்தில் முந்தானையால் துடைத்துவிடாதீர்கள், கீறல் விழும். ரப்பர் ஊதியால் தூசியை ஊதிவிட்டு, வில்லைக்கான திரவம் தொட்ட மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். வீட்டில் காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் வையுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் கண்ணாடியிலும் பூஞ்சை பிடிக்கும்.

குழந்தை தூங்கிவிட்டாள். விடுதிக்குப் போய்ப் படுத்தோம். விடியற்காலை நாலரை மணிக்கு அம்மா என்னை எழுப்பினார். "எழுந்தாச்சு. வாயேன், பார்க்கலாம்."

விடுதியின் பின்கட்டில் சிமெண்டுத் தரை. வடக்கே, பாதி வானத்தில் சப்தரிஷி மண்டலம். வால் பக்கத்திலிருந்து இரண்டாவது நட்சத்திரம் வசிஷ்டர். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, குழலைத் திருப்பிக் கொடுத்தேன்.

"பெரிசா ஒண்ணு. தள்ளிச் சின்னதா ஒண்ணு."

"அந்தச் சின்னதுதான் அம்மா, அருந்ததி."

அம்மா பேசவில்லை. நான் நாற்பது மடங்கு வில்லையை மாற்றினேன். அப்போது வசிஷ்டரே இரண்டாகப் பிரிந்தார்! கலிலியோவின் மாணவர் காஸ்டெல்லி 1617-ல் கண்ட ஜோடி அது. "வசிஷ்டர் பக்கத்திலே ஒட்டிக்கிட்டு இன்னொண்ணு இருக்கேடா! அருந்ததிக்குத் தெரியுமோ?" என்று அம்மா கேட்டதும், பின்னால் தூக்கக் கலக்கத்தோடு வந்து நின்ற என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள்.

பிறகு அவளும் பார்த்தாள். அவளும் பகல் முகூர்த்தத்தில் தலையாட்டியவள்தானே!

கண்ணை எடுத்த அம்மா, வெறும் வானத்தையே கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். அப்புறம் யாருக்கோ பதில் சொல்வதுபோல, மெதுவாக, "தெரியறா" என்றார்.

நான் ஸ்டாண்டின் கால்களை மடிக்கவில்லை. அம்மா எழுந்திருக்கட்டும் என்று காத்திருந்தேன்.